கம்பி அறுகிற இடத்தைக் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது

பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கலோ சிவிலோ படித்தவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது. பொருள்களை இழுத்துச் சோதிக்கும் 40 டன் யு.டி.எம். இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கு நடுவே ஒரு மைல்ட் ஸ்டீல் கம்பி. அதன் மேல் சென்டர் பஞ்சால் அடித்த இரண்டு புள்ளிகள். வால்வைத் திருகியதும் டயலின் முள் சீராக ஏறும். ஓரிடத்தில் வந்து தயங்கி நடுங்கும். கம்பியில் ஒட்டியிருந்த கறுப்புச் செதில்கள் பொலபொலவென்று உதிரும். மறுபடி முள் ஏறும், உச்சத்தைத் தொடும், அப்புறம் இறங்கத் தொடங்கும். அப்போது கம்பியைப் பார்த்தால், ஓரிடத்தில் மட்டும் இடுப்பு சிறுத்துக்கொண்டே வரும். சில நொடிகளில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அறுந்த துண்டைக் கையில் எடுத்தால் சிறுத்த இடம் சூடாக இருக்கும். ஒரு துண்டின் முனை கிண்ணம் போலக் குழிந்திருக்கும். இன்னொன்றின் முனை அதில் போய் உட்காரும் கூம்பாக இருக்கும். 'கப் அண்ட் கோன்' என்று ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்துவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுவோம்.

அந்தக் கிண்ணம் ஏன் வந்தது என்று அப்போது நான் கேட்கவில்லை. பல வருடம் கழித்து, ஒரு உலோகப் பாகம் எந்த இடத்தில், எவ்வளவு இழுத்தால் கிழியும் என்று கணினியில் கணக்குப் போட வேண்டிய வேலை வந்தபோதுதான் அந்தக் கிண்ணத்திடம் திரும்பப் போக வேண்டியிருந்தது. கார் மோதினால் கதவுத்தூண் கிழியுமா, கப்பல் பாறையில் உரசினால் அடித்தகடு எவ்வளவு நீளத்துக்குப் பிளக்கும், விமான எஞ்சினில் ஒரு விசிறி இறகு பிய்த்துக்கொண்டால் சுற்றியுள்ள உறை அதைத் தாங்கிப் பிடிக்குமா, எரிவாயுக் குழாயில் தொடங்கிய கிழிசல் எங்கே போய் நிற்கும் என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அந்தக் கம்பிதான்.

கண்ணாடி உடைவது வேறு. அது வளையாமல், எச்சரிக்காமல், பட்டென்று போகும். எஃகும் அலுமினியமும் அப்படி இல்லை. நீளும், நெளியும், ஏராளமான ஆற்றலை விழுங்கும், கடைசியில்தான் கிழியும். இந்த 'கடைசியில்' என்பதை எண்ணாக்குவதுதான் கடினம். நெளிவது வரைக்கும் கணினி இன்று மிக நன்றாகக் கணக்குப் போடுகிறது. கிழிசலில்தான் தடுமாறுகிறது.

சரி, கிண்ணத்துக்கு வருவோம். அறுந்த முகத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால், கிண்ணத்தின் அடிப்பரப்பு முழுக்கக் குழிப்பணியாரக் கல் மாதிரி இருக்கும். ஒட்டி ஒட்டி ஆயிரக்கணக்கான குழிகள். ஒவ்வொன்றும் சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் வரை. தலைமுடியின் தடிமனை விடச் சிறியவை. சில குழிகளின் அடியில் ஒரு துகள் இன்னும் உட்கார்ந்திருக்கும். எஃகில் அது பெரும்பாலும் மாங்கனீசு சல்பைடாகவோ ஆக்சைடாகவோ கார்பைடாகவோ இருக்கும். நாம் ஒரே உலோகம் என்று நினைப்பதற்குள் இந்த மாதிரிக் கலப்படத் துகள்கள் நிறையப் புதைந்திருக்கின்றன. உலோகம் நீளும்போது துகள் கூடவே நீளாது. அது உலோகத்தை விட்டுப் பிரியும், அல்லது தானே இரண்டாகும். அங்கே ஒரு நுண்துளை பிறக்கிறது. இழுக்க இழுக்கத் துளை பெருக்கிறது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளுக்கு இடையில் இருக்கும் மெல்லிய சுவர் சிறுத்து அறுகிறது, துளைகள் சேருகின்றன. பிறப்பது, வளர்வது, சேர்வது: நீளும் உலோகத்தின் முறிவு என்பது இவ்வளவுதான்.

கம்பியின் இடுப்பு சிறுக்கும்போது, அதன் நடுமையத்தில் இருக்கும் உலோகம் நீளவாக்கில் மட்டும் இழுபடுவதில்லை, பக்கவாட்டிலும் இழுபடுகிறது. அதனால் துளைகள் அங்கேதான் வேகமாக வளர்கின்றன. முதல் கிழிசல் கம்பியின் உள்ளே, யார் கண்ணிலும் படாமல், ஒரு சிறு காசு போல உண்டாகிறது. அந்தக் காசு விரிந்து விளிம்பை நெருங்கும்போது, மிச்சமிருக்கும் வளையம் ஏறக்குறைய 45 பாகை சாய்வில் சறுக்கி அறுகிறது. நடுவே கரடுமுரடான தட்டை, ஓரத்தில் சாய்ந்த சுவர். கிண்ணம் இப்படித்தான் வந்தது. வெளியில் நாம் பார்க்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

பக்கவாட்டு இழுப்புதான் இங்கே முக்கியம். இதை ட்ரையாக்ஸியாலிட்டி என்று ஓர் எண்ணால் குறிக்கிறார்கள்: மூன்று திசை இழுப்பின் சராசரியை, உலோகத்தின் வடிவத்தை மாற்ற முனையும் தகைவால் (ஒரு பரப்பில் விழும் விசையின் அளவால்) வகுத்தால் வருவது. மும்முக இழுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரணக் கம்பியை இழுத்தால் 1/3. முறுக்கினால் 0. அமுக்கினால் மைனஸ் 1/3. கம்பியில் சுற்றிலும் ஒரு வெட்டுப் போட்டு இழுத்தால் ஏறக்குறைய 1 வரை போகும். கூர்மையான விரிசலின் முனைக்கு முன்னால் 3ஐ ஒட்டிப் போகும்.

1969ல் ரைஸ், ட்ரேசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு கோளத் துளை இந்த இழுப்பில் எவ்வளவு வேகமாக வளரும் என்று கணக்கிட்டார்கள். விடை அடுக்குக்குறி வடிவில் வந்தது: வேகம், மும்முக இழுப்பின் ஒன்றரை மடங்கை அடுக்காகக் கொண்டு ஏறுகிறது. எண்ணைப் போட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். 1/3லிருந்து 1க்குப் போனால் துளை வளரும் வேகம் 2.7 மடங்கு. 2க்குப் போனால் 12 மடங்கு. 3க்குப் போனால் ஏறக்குறைய 55 மடங்கு. உலோகம் அதேதான், உலை அதேதான். வடிவத்தில் ஒரு வெட்டு இருக்கிறதா இல்லையா என்பதே அதன் ஆயுளை இவ்வளவு மாற்றுகிறது.

இதன் மறுபக்கத்தை நகை செய்யும் பத்தர்கள் கையாலேயே அறிவார்கள். வரிசையாகத் துளை போட்ட எஃகுத் தகட்டின் வழியே தங்கக் கம்பியை ஒவ்வொரு துளையாக இழுத்து இழுத்து மெல்லியதாக்குவார்கள். அதே கம்பியைத் தகடு இல்லாமல் வெறுமனே இரு பக்கமும் பிடித்து இழுத்தால் அந்த மெல்லிசுக்கு வருவதற்குள் அறுந்துவிடும். துளையின் சுவர் கம்பியைச் சுற்றிலும் அமுக்குவதால் மும்முக இழுப்பு குறைகிறது. நுண்துளைகள் வளர இடமில்லாமல் போகிறது. ஹார்வர்டில் உயர் அழுத்த ஆராய்ச்சி செய்து 1946ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற பெர்சி பிரிட்ஜ்மன் எஃகுக் கம்பிகளை மிகுந்த அழுத்தத்தில் இருக்கும் திரவத்துக்குள் வைத்து இழுத்தார். வெளியே இழுத்ததை விட அவை பல மடங்கு நீண்டன. நீளும் தன்மை என்பது உலோகத்தின் சொந்தச் சொத்து மட்டும் இல்லை, அதை எப்படி இழுக்கிறோம் என்பதையும் சேர்த்ததுதான் அது. கணினிக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடமும் இதுவே.

கணினி எப்படி வேலை செய்கிறது? பாகத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறோம், மெஷ் என்பார்கள். ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு நெளிகிறது, அதனால் அதில் எவ்வளவு தகைவு எழுகிறது என்று படிப்படியாகக் கணக்கிடுகிறது. மோதல் மாதிரியான வேக நிகழ்வில் ஒரு படி என்பது, ஒலி ஒரு கட்டத்தைக் கடக்கும் நேரத்தைத் தாண்டக் கூடாது. எஃகில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 5,000 மீட்டர் போகும். 5 மி.மீ. கட்டம் என்றால் ஒரு படி 1 மைக்ரோநொடி. கார் மோதலின் பத்தில் ஒரு நொடியைக் கணக்கிட ஒரு லட்சம் படிகள். கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால், தகடு மாதிரியான அமைப்பில் கட்டங்கள் 4 மடங்கு, படிகள் 2 மடங்கு; கணினியின் வேலை 8 மடங்கு. இந்த 8 மடங்குதான் பின்னால் வரும் எல்லாச் சமரசங்களுக்கும் காரணம்.

மைக்ரான் அளவில் இருக்கும் குழிகளை 5 மி.மீ. கட்டத்தில் வரையவே முடியாது. அதனால் துளைகளை வரையாமல், துளைகளின் விளைவை மட்டும் கட்டத்துக்குள் எழுதிவைக்கிறார்கள். அதில் இரண்டு மரபுகள் உண்டு.

ஒன்று, 1977ல் குர்சன் வெளியிட்டது. கட்டத்துக்குள் இத்தனை பங்கு வெற்றிடம் என்று ஓர் எண் வைத்துக்கொள்வது. வெற்றிடம் ஏற ஏற உலோகம் தளரும்; சுத்தமான உலோகத்தை மூன்று பக்கமும் சமமாக இழுத்தால் நெளியாது, ஆனால் துளையுள்ள உலோகம் அப்போதும் நெளியும். துளைகள் ஒன்றோடொன்று சேரும் நிலை இதில் இல்லை. அதை 1980களில் ட்வெர்கார்ட், நீடில்மேன் இருவரும் சேர்த்தார்கள்: வெற்றிடப் பங்கு 0.15ஐத் தொட்டால் சேரத் தொடங்கும், 0.25ல் கட்டம் செத்துப்போகும். அவர்கள் 1984ல் கணினியில் கம்பியை இழுத்துப் பார்த்தபோது, நடுவே தட்டையாகத் தொடங்கி ஓரத்தில் சாய்ந்து முடியும் அந்தக் கிண்ணம் கணக்கிலிருந்தே எழுந்து வந்தது. கிண்ணம் வரைய யாரும் அதற்குச் சொல்லவில்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விடை இது.

இன்னொரு மரபு, 1985ல் ஜான்சன், குக் இருவரும் தந்தது. துளையைப் பற்றிய பேச்சே இல்லை. இந்த மும்முக இழுப்பில், இந்த வேகத்தில், இந்த வெப்பத்தில் உலோகம் இவ்வளவு திரிபை (முதலில் இருந்த நீளத்தோடு ஒப்பிட்ட நெளிவை) தாங்கும் என்று ஐந்து மாறிலிகள் கொண்ட ஒரு சூத்திரம். ஒவ்வொரு படியிலும் தாங்கும் அளவில் எத்தனை பங்கு செலவாயிற்று என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டுத்தொகை 1 ஆனால் அந்தக் கட்டத்தைக் கணினி மாதிரியிலிருந்து நீக்கிவிட வேண்டும். எளிது, வேகமானது, தொழிற்சாலைகளில் இதுவும் இதன் வாரிசுகளும்தான் புழங்குகின்றன.

அந்த ஐந்து மாறிலிகளும் எங்கிருந்து வருகின்றன? சோதனையிலிருந்துதான். இங்கேதான் எனக்கு ஒரு முறை நன்றாக அடிபட்டது. முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், ஒரு தாங்கிப் பாகம் மோதலில் கிழியாது என்று கணக்குக் காட்டி அறிக்கை கொடுத்தேன். முறிவுத் திரிபு எண்ணைப் பழைய திட்டம் ஒன்றிலிருந்து எடுத்திருந்தேன். உலோகம் அதேதான், தரம் அதேதான். ஆனால் பழைய திட்டத்தின் கட்டங்கள் என்னுடையதைப் போலப் பாதி அளவு என்பதைக் கவனிக்கவில்லை. சோதனையில் பாகம் மூலையிலிருந்து கிழிந்தது. என் திரையில் அது அழகாக நெளிந்து நின்றிருந்தது.

கட்டத்தின் அளவுக்கும் உலோகம் தாங்கும் திரிபுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வீடு கட்டுகிறவர்கள் வாங்கும் டி.எம்.டி. கம்பியை வைத்தே சொல்கிறேன். 16 மி.மீ. கம்பி ஒன்று அறுவதற்குள் எல்லா இடத்திலும் சீராக 10 சதவீதம் நீளுகிறது, இடுப்பு சிறுத்த இடத்தில் மட்டும் கூடுதலாக 5 மி.மீ. நீளுகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். இடுப்பைச் சுற்றி 80 மி.மீ. தூரத்தை அளந்தால் நீட்சி 13 மி.மீ.; அதாவது 16.25 சதவீதம். அதே கம்பியில் 200 மி.மீ. தூரத்தை அளந்தால் 25 மி.மீ.; 12.5 சதவீதம். வெறும் 20 மி.மீ. மட்டும் அளந்தால் 35 சதவீதம். கம்பி ஒன்றுதான். ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தரநிலைப்படி எஃப்.இ. 500டி ரகத்துக்குக் குறைந்தது 16 சதவீத நீட்சி வேண்டும். முதல் அளவில் இது தேறும், இரண்டாவதில் தேறாது. அதனால்தான் எவ்வளவு தூரத்தில் அளக்க வேண்டும் என்பதையும் தரநிலையே கட்டிவைத்திருக்கிறது: கம்பியின் விட்டத்தைப் போல ஏறக்குறைய 5 மடங்கு. இந்த உண்மையை பார்பா என்பவர் 1880லேயே எழுதிவைத்துவிட்டார்.

கணினியில் அளக்கும் தூரம் என்பது கட்டத்தின் நீளம். 1 மி.மீ. கட்டம் இடுப்புக்குள் உட்கார்ந்து அதிகத் திரிபைப் பார்க்கும், 10 மி.மீ. கட்டம் இடுப்பையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்த்துச் சராசரி பார்க்கும். சிறு கட்டத்துக்கான முறிவு எண்ணைப் பெரிய கட்டத்துக்குப் போட்டால் அது கிழியவே கிழியாது. நான் செய்தது அதுதான். கப்பல் மோதல் கணக்குகளில் இந்தப் பிரச்சினை இன்னும் பெரிது. சென்டிமீட்டர் கணக்கில் தடிமனுள்ள தகடு, நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல்; கட்டத்தைத் தகட்டின் தடிமனை விடப் பல மடங்கு பெரிதாக வைத்தால்தான் கணினி தாங்கும். அதனால் கட்டத்தின் நீளத்துக்கும் தகட்டின் தடிமனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து முறிவு எண்ணைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் கட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் உண்மையை எட்டிவிடலாமா? அதுவும் நடக்காது, இது இன்னும் ஆழமான சிக்கல். உலோகம் தளரத் தொடங்கியதும் கணினியில் எல்லா நெளிவும் ஒரே வரிசைக் கட்டங்களுக்குள் போய் ஒண்டிக்கொள்கிறது. கட்டம் சிறுத்தால் அந்த வரிசையும் சிறுக்கும். கிழிய ஆகும் ஆற்றலும் கூடவே சிறுக்கும். கட்டம் பூஜ்ஜியத்தை நோக்கிப் போனால், எஃகு ஆற்றலே இல்லாமல் கிழியும் என்று கணக்குச் சொல்லும். அது பொய். நிஜ உலோகத்தில் துகளுக்கும் துகளுக்கும் இடையில் இருக்கும் தூரம் என்று ஒரு நீளம் இருக்கிறது. கிழிசல் அதை விடக் குறுகலாக முடியாது. சமன்பாட்டில் அந்த நீளம் இல்லை. அதை ஏதாவது ஒரு வழியில் உள்ளே கொண்டுவர வேண்டும். சிலர் ஒரு கட்டத்தின் சேதத்தைப் பக்கத்துக் கட்டங்களோடு சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். சிலர் ஒரு சதுர மி.மீ. கிழிய இவ்வளவு ஆற்றல் என்று நேரடியாகக் கட்டிவிடுகிறார்கள். பல நடைமுறைக் கணக்குகளில், கட்டத்தின் அளவை ஒரே எண்ணில் நிறுத்தி, அந்த அளவுக்கே மாறிலிகளைப் பொருத்திக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். கடைசி வழி தவறில்லை. எந்த அளவில் பொருத்தியது என்று அறிக்கையில் எழுதிவைத்தால்.

அப்புறம் சறுக்கு, அதாவது உலோகத்தின் ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் வழுக்கி நகர்வது. மும்முக இழுப்பு குறையக் குறைய உலோகம் அதிகம் தாங்கும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். ரைஸ், ட்ரேசி கணக்கும் அதைத்தான் சொன்னது. 2004ல் எம்.ஐ.டி.யில் பாவ், வியர்ஸ்பிட்ஸ்கி இருவரும் விமானத்தில் புழங்கும் 2024 ரக அலுமினியத்தைப் பல வடிவங்களில் வெட்டிச் சோதித்தார்கள். சுத்தமான சறுக்கில், அதாவது மும்முக இழுப்பு 0 இருக்கும் இடத்தில், அது நேர் இழுப்பில் தாங்குவதை விடக் குறைவாகத் தாங்கியது. அங்கே துளைகள் பெருப்பதில்லை. நசுங்கி, சாய்ந்து, பக்கத்துத் துளையோடு கோர்த்துக்கொள்கின்றன. குர்சனின் கணக்குமுறைக்கு இது தெரியாது. வெற்றிடம் கூடவில்லை என்றால் அதன் பார்வையில் சேதமே இல்லை. 2008ல் நாஷன், ஹட்சின்சன் இருவரும் சறுக்குக்கென்று ஒரு திருத்தம் சேர்க்க வேண்டிவந்தது.

இவ்வளவு மாதிரிகள் வந்தபிறகும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. ஆய்வுக் கட்டுரைகளில் எல்லாக் கணக்கும் சோதனையோடு பொருந்தியே வருகிறது. ஏனென்றால் சோதனை முடிவு கையில் இருக்கும்போதுதான் பெரும்பாலும் மாறிலிகளைத் திருப்பிப் பொருத்துகிறார்கள். விடை தெரியாமல் கணக்குப் போட்டால்?

அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் இருக்கும் சாண்டியா தேசிய ஆய்வகம் 2012ல் இதைப் பொதுவில் ஒரு போட்டியாக வைத்துப் பார்த்தது. 15-5 பி.எச். என்ற, கடையில் கிடைக்கும் துருப்பிடிக்காத எஃகில் ஒரு தட்டையான சோதனைத் துண்டு. ஒரு பக்கம் மழுங்கிய பிளவு, அதன் முன்னே மூன்று துளைகள். முளைக்கம்பி கோத்து இழுத்தால் விரிசல் எந்தத் துளை வழியாகப் போகும், அதற்கு எவ்வளவு விசை வேண்டும்? உலோகத்தின் சோதனைத் தரவுகளைக் கொடுத்தார்கள். முடிவை மட்டும் பூட்டிவைத்தார்கள். 13 குழுக்கள் பங்கெடுத்தன. கைக்கணக்கு மாதிரி எளிய வழி முதல் பல அளவுகளைக் கோர்த்த சிக்கலான மாதிரிகள் வரை எல்லாம் வந்தன.

விடைகள் சிதறிப்போயின. ஒரே எஃகு, ஒரே வரைபடம், ஒரே தரவு. ஆனாலும் குழுவுக்குக் குழு விசையும் வேறு, விரிசலின் பாதையும் வேறு. ஆய்வகம் அதை மறைக்காமல் வெளியிட்டது. அந்த நேர்மைக்காகவே இந்தப் போட்டியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதை விட முக்கியமான விஷயம் சோதனைப் பக்கத்திலேயே இருந்தது. நிஜத் தட்டுகளும் ஒரே மாதிரி கிழியவில்லை. சிலவற்றில் விரிசல் நேராக ஒரு துளைக்குப் போனது. சிலவற்றில் இன்னொரு துளையைத் தொட்டுவிட்டு அங்கே போனது. துளையிட்டபோது வந்த மிகச் சிறிய இடப்பிசகுதான் காரணம். ஒரு பாதையில் இழுப்பு ஆளுகிறது, இன்னொன்றில் சறுக்கு ஆளுகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அறுகிற நிலையில் இருக்கின்றன. தராசு அவ்வளவு சமமாக இருக்கும்போது ஒரு நூலளவு நகர்ந்த துளை பாதையை மாற்றிவிடுகிறது.

2014ல் இரண்டாவது முறை நடந்தது. 14 குழுக்கள், விமான எஞ்சின்களில் புழங்கும் டைட்டானியக் கலவை. இந்த முறை சறுக்குச் சோதனைத் தரவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு வேகங்களில் கேட்டார்கள்: நொடிக்கு 0.0254 மி.மீ., நொடிக்கு 25.4 மி.மீ.; ஆயிரம் மடங்கு வித்தியாசம். மெதுவாக இழுத்தால் நெளிவில் பிறக்கும் வெப்பம் வெளியேறிவிடும். வேகமாக இழுத்தால் டைட்டானியத்தில் அது வெளியேற நேரம் இல்லை. டைட்டானியம் வெப்பத்தை எஃகை விட மிக மெதுவாகக் கடத்தும். சூடான இடம் தளரும், தளர்ந்த இடம் இன்னும் நெளியும், இன்னும் சூடாகும். கல்லூரியில் அறுந்த கம்பியின் முனை கையைச் சுட்டதே, அந்தச் சூடு இங்கே முடிவையே தீர்மானிக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காமல் வேகச் சோதனையைச் சரியாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது போட்டிக்கு 316எல் எஃகுப் பொடியை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக அச்சிட்ட சோதனைத் துண்டை வைத்தார்கள். உள்ளே மூடிய பொந்துகள். கடைசல் இயந்திரத்தால் செய்யவே முடியாத வடிவம். 21 குழுக்கள் வந்தன. அச்சிட்ட உலோகத்தில் நுண்துளை பிறக்க இழுக்கவே வேண்டாம். அச்சிடும்போதே சில பிறந்துவிடுகின்றன. எங்கே எத்தனை என்பது துண்டுக்குத் துண்டு மாறும். ஒரே கோப்பிலிருந்து ஒரே இயந்திரத்தில் அச்சிட்ட பத்துத் துண்டுகளை இழுத்தால் பத்துக் கோடுகள் வரும்; எல்லாம் ஒன்றாகவே ஏறி, ஒன்றாகவே வளைந்து, அறுகிற இடத்தில் மட்டும் விசிறி போலப் பிரியும். கணினியிலிருந்து ஒரே கோட்டை எடுத்துக் காட்டினால் அது எந்தத் துண்டுக்கான விடை? இப்போது இந்த வேலையில் இருப்பவர்கள் துளையின் இடத்தையும் தகட்டின் தடிமனையும் முறிவு எண்ணையும் கொஞ்சம் கொஞ்சம் அசைத்து, ஒரே பாகத்தை நூற்றுக்கணக்கான முறை ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்தத் தாங்கிப் பாகத்தை நான் ஒரே ஒரு முறைதான் ஓட்டியிருந்தேன்.